கைத்துப்பாக்கியின் பின்னுதைப்பு வில்லும் குண்டின் உந்தமும்

கரையோரத்தில் மிதக்கும் வள்ளத்திலிருந்து ஒருவன் கரைக்குத் தாவுவானாயின், அவன் முன்னோக்கிச் செல்ல, வள்ளம் பின்னோக்கி விலகும். தாவுபவன் பருத்தவனாயின் வள்ளம் கூடுதலாக விலகும். மெலிந்தவனே ஆயினும், மிக விரைந்து தாவுவானாயின் அப்பொழுதும் அது கூடுதலாக விலகும். ஆதலின், வள்ளத்தின் பின்னடைவை அளந்தறிய விரும்புவோன் தாவியவனின் நிறையை மட்டும் கேட்டறிதல் போதாது. அவன் எத்துணை வேகத்துடன் தாவினான் என்பதையும் கேட்டறிதல் வேண்டும். திணிவையும் வேகத்தையும் பெருக்கி வரும் கணியத்தையே உந்தம் என்கிறோம். 1687ஆம் ஆண்டில் நியூற்றன் வெளியிட்ட இயக்க விதிகளிலிருந்து பெறப்படும் இவ்வுண்மை பள்ளி மாணவர் யாவரும் அறிந்ததே. ஆயினும், அறிந்த விதியைப் புதியதோர் இடத்திற் பொருத்திப் பார்க்கும்பொழுதுதான் நாம் அதனை உண்மையில் அறிந்துள்ளோமா என்பது தெரியவரும்.

அத்தகைய ஓரிடம் கைத்துப்பாக்கியின் உள்ளே இருக்கும் பின்னுதைப்பு வில். ஒருமுறை சுட்டதும் வெற்றுக்கோதைத் தானே வெளியேற்றி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கிகளில் இவ்வில் இன்றியமையாத உறுப்பாகும். குண்டின் நிறை மாறும்போது வில்லையும் மாற்றுதல் வேண்டும் என்பது துப்பாக்கி பழகுவோரிடையே வழங்கும் கருத்து. “பாரமான குண்டுக்குப் பலமான வில்; பாரங் குறைந்த குண்டுக்கு மெல்லிய வில்” என அதனைச் சுருக்கிக் கூறுவர். பலமான வில்லை இட்டால் வலிய தோட்டாவையும் அச்சமின்றிச் சுடலாம் என்று நம்புவோரும் உளர். இக்கூற்றுக்களுள் முன்னது அரையுண்மை. பின்னது ஆபத்தான பொய். இவை எவ்வாறு என்பதைப் பௌதிகத்தின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கருவி உயிர்பறித்தற்கென ஆக்கப்பட்டது. அதனைப் போற்றுதல் ஈண்டு நோக்கமன்று. வலிமைக்கும் பாதுகாப்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது என்பதனாலேயே இது எடுத்துக்கொள்ளப்பட்டது.

கருவியின் அமைப்பு

ஆராய்ச்சிக்கு ஒரு குறித்த கருவியை எடுத்துக்கொள்ளுதல் நலம். 1855இல் ஐக்கிய அமெரிக்காவின் யூற்றாப் பகுதியிற் பிறந்து 1926இல் பெல்சியத்திற் காலமான ஜோன் மோசஸ் பிறவுணிங் என்பவர் துப்பாக்கி அமைப்பில் ஒப்பற்றவராகக் கருதப்படுபவர். அவர் வகுத்த .45 அங்குலக் கைத்துப்பாக்கியை அமெரிக்கத் தரைப்படை 1911ஆம் ஆண்டு மார்ச்சு 29ஆம் நாள் ஏற்றுக்கொண்டது. 1985இல் வேறொரு கைத்துப்பாக்கி அதனிடத்தைப் பெறும்வரை, எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அதுவே அப்படையின் பொதுக் கைத்துப்பாக்கியாக விளங்கிற்று. போட்டிகளிற் சுடுவோர் இன்றும் அதனை விரும்பிப் பயன்படுத்துகின்றனர்.

இதன் அமைப்பை மூன்று பாகங்களாகக் கொள்ளலாம். கைப்பிடியோடு கூடிய சட்டகம் ஒன்று. அதன்மேல் அமைந்த குழல் மற்றொன்று. குழலை உறைபோல் மூடிக்கொண்டு, சட்டகத்தின் மேல் முன்னும் பின்னுமாக வழுக்கிச் செல்லும் எஃகுப்பாகம் மூன்றாவது. இதனை வழுக்கி என்போம். குழலுக்குக் கீழே, வழுக்கியின் முன்பக்கத்துக்கும் சட்டகத்துக்கும் இடையே, ஒரு சுருளிவில் நெருக்கப்பட்டுக் கிடக்கின்றது. அதுவே பின்னுதைப்பு வில்.

சுடும்பொழுது நிகழ்வன இவை: தோட்டாவின் வெடிமருந்து எரிந்து வாயுவாகின்றது. அவ்வாயு குண்டை முன்னோக்கியும், கோதின் அடியை, அதன் வழியாக வழுக்கியை, பின்னோக்கியும் தள்ளுகின்றது. தொடக்கத்திற் குழலும் வழுக்கியும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு ஓருடலாய்ப் பின்செல்லும். சிறிது தூரஞ் சென்றதும், ஒரு சிற்றிணைப்புக் குழலின் பின்முனையைக் கீழே இழுக்க, பூட்டு விடுபடும். குழல் நின்றுவிடும், வழுக்கி மட்டும் தொடர்ந்து பின்சென்று, வெற்றுக்கோதை இழுத்து வெளியே எறிந்து, சுத்தியலைப் பின்னே மடக்கி, வில்லையும் நெருக்கும். பின்னர் வில் விரிந்து வழுக்கியை முன்னே தள்ள, அது மகசீன் எனப்படும் தோட்டாக்கூட்டின் மேலுள்ள தோட்டாவை உரசியெடுத்துக் குழலினுட் செலுத்தி, குழலை மீண்டும் மேலுயர்த்திப் பூட்டிக்கொள்ளும். இவை யாவும் ஒரு செக்கனின் சிறு கூற்றினுள் நிகழ்ந்து முடிகின்றன.

வில்லின் வேலை யாது?

வெடிப்பின் வலிமையைத் தாங்கி, குழலின் பின்வாயை மூடிவைத்திருப்பது இவ்வில்லே எனப் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சரியாயின், வலிய தோட்டாவுக்கு வலிய வில் என்பதுஞ் சரியாகும். ஆகவே இதனை முதலிற் சோதித்துப் பார்ப்போம்.

.45 தோட்டாவுக்கு ஏற்கப்பட்ட உச்ச அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 21,000 இறாத்தல். குண்டின் விட்டம் .452 அங்குலம், அதன் குறுக்குப்பரப்பு.16 சதுர அங்குலம். இரண்டையும் பெருக்கினால் பின்னோக்கித் தள்ளும் விசை ஏறக்குறைய 3,300 இறாத்தலாகின்றது. இக்கைத்துப்பாக்கிக்கு வழக்கமாக இடப்படும் வில்லோ 16 இறாத்தல் வில் எனப்படும். அஃதாவது, முழுதாக நெருக்கப்பட்ட நிலையில் அது தரும் விசையே 16 இறாத்தல்; வழுக்கி மூடியிருக்கும் நிலையில் அதன் விசை ஏழெட்டு இறாத்தல் அளவினதே. 3,300 இறாத்தலை எட்டு இறாத்தல் எவ்வாறு தடுத்தல் கூடும்? பெருவெள்ளத்தைப் பனையோலையால் மறித்தல் போன்றதே அது.

அவ்வாறாயின் பின்வாய் திறவாதிருப்பது எதனால்? திணிவினால். வழுக்கியும் குழலும் சேர்ந்து அரைக் கிலோகிராம் எனக் கொள்வோம். வழக்கமான குண்டின் நிறை 230 கிறெயின்; நம் பொற்கொல்லர் குன்றிமணியையும் மஞ்சாடியையும் நிறையாகக் கொண்டதுபோல, மேனாட்டார் தானியமணி ஒன்றின் நிறையை அடிப்படையாகக் கொண்டு வகுத்த அலகே கிறெயின்; 7,000 கிறெயின் ஓர் இறாத்தல். 230 கிறெயின் என்பது 14.9 கிராம். குண்டு குழலினுட் செல்லும் தூரம் ஏறத்தாழ 11 சதமமீற்றர். குண்டைவிட வழுக்கியும் குழலும் முப்பது மடங்குக்கு மேற் பாரமுடையன. ஆகவே குண்டு 11 சதமமீற்றர் முன்செல்லும் நேரத்தில், அவை 3 மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரமே பின்செல்லும். அத்தூரத்திற் பூட்டு இன்னும் விடுபடுவதில்லை. குண்டு வெளியேறி அமுக்கம் தணிந்த பின்னரே பூட்டு விடுபடுகின்றது.

குண்டு குழலினுள் இருக்கும் நேரம் ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு கூற்றினுங் குறைவு. அச்சிறு நேரத்தில் வில் ஆற்றும் விசையால் விளையும் உந்த மாற்றம், வழுக்கி பெறும் உந்தத்தில் நூற்றிலொரு பங்கும் இல்லை. வெடிப்பு நிகழும் கணத்தில் வில் இருப்பதும் ஒன்றே, இல்லாதிருப்பதும் ஒன்றே. பூட்டில்லாத சிறிய கைத்துப்பாக்கிகளிலும் கதை இதுவே. அவற்றிற் பின்வாயை மூடிவைத்திருப்பது வழுக்கியின் சடத்துவமே. அதனாலேதான் வலிய தோட்டாக்களுக்குப் பூட்டில்லாத அமைப்பைப் பயன்படுத்த முயன்றோர் வழுக்கியை மிகப் பாரமாக ஆக்க நேர்ந்தது.

தமிழில் வில் என்னுஞ் சொல் அம்பெய்யும் கருவியையும் சுருளியையும் ஒருங்கே குறிக்கும். இரண்டும் மீள்தன்மையால் இயங்குவன. 1678இல் றொபேட் ஊக் வெளியிட்ட, விசைக்கேற்ப நீட்சி என்னும் விதிக்கு இரண்டும் அமைவன. ஆயினும் இவற்றின் தொழில்கள் வேறு. வேடனின் வில் தன்னிடத்துச் சேர்ந்த சக்தியை அம்புக்குக் கொடுத்து அதனைச் செலுத்துகின்றது. துப்பாக்கியின் வில்லோ குண்டு போன பின்னர் எஞ்சிய இயக்கத்திற் சிறிதைச் சேமித்துவைத்து, வழுக்கியைத் திரும்ப அனுப்புகின்றது. முன்னது செலவுக்கு உரியது. பின்னது மீட்சிக்கு உரியது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்வோமாயின், மேல்வரும் யாவும் எளிதில் விளங்கும்.

நிறையா, உந்தமா?

இனி, குண்டின் நிறை மாறும்பொழுது நிகழ்வதை நோக்குவோம். வழுக்கி எவ்வளவு வேகத்துடன் பின்செல்லும் என்பதைத் தீர்மானிப்பது, குண்டும் அதனைத் தொடர்ந்து வெளியேறும் வாயுவும் கொண்டுசெல்லும் உந்தமே. வாயுவின் பங்கு சிறிதாகலின், ஒப்பிடுவதற்குக் குண்டின் நிறையைக் கிறெயினிலும், வேகத்தைச் செக்கனுக்கு இத்தனை அடி என்றும் எடுத்து, இரண்டையும் பெருக்கினாற் போதும். 1976இல் நிறுவப்பட்ட பன்னாட்டுச் செயன்முறைச் சுடுதற் கூட்டமைப்பின் போட்டிகளில், இப்பெருக்கத்தை ஆயிரத்தால் வகுத்து வரும் எண்ணைக் கொண்டே தோட்டாக்களை வகைப்படுத்துகின்றனர்.

.45 தோட்டாவில் வழங்கும் மூன்று வகைகளைப் பார்க்க:

230 கிறெயின் குண்டு, செக்கனுக்கு 830 அடி: பெருக்கம் 190,900.
185 கிறெயின் குண்டு, செக்கனுக்கு 770 அடி: பெருக்கம் 142,450.
185 கிறெயின் குண்டு, செக்கனுக்கு 1,140 அடி: பெருக்கம் 210,900.

முதலாவது படையினரின் வழக்கமான தோட்டா. இரண்டாவது இலக்குச் சுடுதற் போட்டிக்குரிய மெல்லிய தோட்டா. ஒகாயோ மாநிலத்துக் காம்ப் பெரி என்னுமிடத்தில் 1907ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் தேசியப் போட்டிகள் போன்றவற்றில், 25 யார், 50 யார் தூரத்திலுள்ள கடதாசி இலக்குகளைச் சுடுவோர் இத்தகையவற்றை விரும்புவர். மூன்றாவது, கூடிய அமுக்கத்துக்கென ஆக்கப்பட்ட வலிய தோட்டா. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் குண்டின் நிறை ஒன்றே; உந்தமோ ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்றரை. முதலாவதைவிடப் பாரங் குறைந்த குண்டாயிருந்தும், மூன்றாவது வழுக்கியைக் கூடிய வேகத்துடன் பின்தள்ளுகின்றது. நிறையை மட்டும் பார்த்து வில்லைத் தெரிபவன் இவ்விரண்டுக்கும் ஒரே மெல்லிய வில்லை இடுவான்; ஒன்றிற் சரியாவான், மற்றொன்றில் முற்றும் பிழையாவான்.

9 மில்லிமீற்றர்த் தோட்டாவில் இன்னுமொரு நுட்பம் வெளிப்படுகின்றது. அதன் 115 கிறெயின் குண்டு செக்கனுக்கு 1,150 அடி வேகத்துடனும், 147 கிறெயின் குண்டு 990 அடி வேகத்துடனும் செல்வது வழக்கம். பெருக்கங்கள் முறையே 132,250, 145,530. நிறை நூற்றுக்கு 28 பங்கு கூடியிருக்க, உந்தம் 10 பங்கே கூடியுள்ளது. இயக்கசக்தியைக் கணித்தாலோ, இலகுவான குண்டுக்கு 338 அடி-இறாத்தலும், பாரமான குண்டுக்கு 320 அடி-இறாத்தலும் வருகின்றன. சக்தி குறைந்த தோட்டாவே வழுக்கியைக் கூடிய வேகத்துடன் தள்ளுகின்றது! சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு மாறுவது. உந்தம் வேகத்தோடு மாறுவது. பரீட்சைத்தாளில் இவ்விரண்டையும் மயங்கக்கொள்ளும் மாணவன் சில புள்ளிகளை இழப்பான். பட்டறையில் மயங்கக்கொள்பவன் தலைகீழான முடிவுக்கு வருவான்.

பிறவுணிங்கின் கருவி வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1905இல் அவர் அமைத்த .45 தோட்டாவிற் குண்டின் நிறை 200 கிறெயின், வேகம் செக்கனுக்கு 900 அடி. படையினர் பாரமான குண்டை விரும்பியதால் அது 230 கிறெயின் ஆக்கப்பட்டது. வேகமோ 830 அடி அளவுக்கு இறங்கிற்று. நிறை நூற்றுக்கு 15 பங்கு ஏறிற்று. உந்தம் 180,000 என்பதிலிருந்து 190,900 ஆக, 6 பங்கே ஏறிற்று. குண்டு மாறியது, ஆயினும் கருவி உணர்ந்த மாற்றம் சிறிதே.

ஒரு சக்திக் கணக்கு

வழுக்கி பின்செல்லத் தொடங்கிய பின் அதன் இயக்கத்தை அடக்குவதில் வில்லுக்கு எவ்வளவு பங்கு உண்டு? எளிமைக்காகச் சட்டகம் அசையாதிருப்பதாகவும், வழுக்கி மட்டும் 0.4 கிலோகிராம் என்றும், அது செல்லுந் தூரம் 5 சதமமீற்றர் என்றும் கொள்வோம். இவை நெருக்கமான மதிப்பீடுகளே. ஆயினும் ஒப்பீட்டுக்குப் போதியன.

வழக்கமான தோட்டாவின் உந்தம், வாயுவின் பங்கையுஞ் சேர்த்து, செக்கனுக்குக் கிலோகிராம்-மீற்றர் அலகில் ஏறத்தாழ 4. குழலுஞ் சேர்ந்த அரைக் கிலோகிராமுக்கு இதனாற் கிடைக்கும் வேகம் செக்கனுக்கு 8 மீற்றர். குழல் நின்றபின், அவ்வேகத்துடன் செல்லும் வழுக்கியின் இயக்கசக்தி 12.8 யூல். 16 இறாத்தல் வில்லின் விசை தொடக்கத்தில் 33 நியூற்றன், முடிவில் 71 நியூற்றன், சராசரி 52. இதனை 0.05 மீற்றராற் பெருக்கினால், வில் ஏற்றுக்கொள்ளும் சக்தி 2.6 யூல். அஃதாவது ஐந்திலொரு பங்கு. எஞ்சியதில் ஒரு பகுதி சுத்தியலை மடக்குவதிலும் உராய்விலும் செலவாக, பெரும்பகுதி வழுக்கி சட்டகத்தின்மேல் மோதுவதாலேயே தீர்கின்றது. அம்மோதலையே சுடுநரின் கை பின்னுதைப்பின் ஒரு பகுதியாக உணர்கின்றது.

இப்பொழுது மேற்கூறிய வலிய தோட்டாவை இடுவோம். வழுக்கியின் சக்தி 15.6 யூலாக உயர்கின்றது. 16 இறாத்தல் வில்லை நீக்கி, 18½ இறாத்தல் வில்லை இட்டால், அது ஏற்பது 3 யூல். கூடுதலாகக் கிடைத்தது அரை யூலுங் குறைவு. எஞ்சுவதோ 12.6 யூல், முன்னர் எஞ்சியது 10.2 யூல். வில்லை வலிதாக்கிய பின்னரும் மோதல் நாலிலொரு பங்களவு கூடியே நிற்கின்றது. பழைய நிலைக்கே கொண்டுவரவேண்டுமாயின் வில் 5.4 யூலை ஏற்றல் வேண்டும். அதற்கு வேண்டியது 33 இறாத்தல் வில்! அத்தகைய வில்லைக் கையால் இழுத்து வழுக்கியைத் திறத்தலே பெரும்பாடு. அன்றியும், பின்னோக்கிய மோதலைத் தணித்த அவ்வில், சேமித்த சக்தி முழுவதையும் முன்னோக்கிக் கொடுத்து, வழுக்கியைச் செக்கனுக்கு 3.6 மீற்றருக்குப் பதிலாக 5.2 மீற்றர் வேகத்தில் முன்னே அறையும். வில் எந்தச் சக்தியையும் அழிப்பதில்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதே அதன் இயல்பு. பின்பக்கத்துக் கடனை முன்பக்கத்துக்கு மாற்றுவதைக் கடன்தீர்த்தல் என்று கொள்ளலாமா?

இனி, மெல்லிய போட்டித் தோட்டா. அதன் உந்தம் வழக்கமானதின் முக்காற்பங்கு. சக்தி அவ்விகிதத்தின் வர்க்கமாகலின் 12.8 யூல் 7.2 யூலாகக் குறைகின்றது. உந்தம் கால்வாசி குறைய, சக்தி பாதிக்கு அருகே குறைந்துவிட்டது. இதிலிருந்தே வில், சுத்தியல், உராய்வு, கோதை எறிதல் ஆகிய யாவற்றுக்கும் கொடுத்தல் வேண்டும். மேலும், சட்டகம் உண்மையில் அசையாதிருப்பதில்லை. சுடுநர் தளர்வாகப் பிடித்தால் அதுவும் பின்னகர, சட்டகத்தை நோக்க வழுக்கியின் வேகம் இன்னுங் குறையும். அப்பொழுது வழுக்கி முழுத்தூரஞ் செல்லாது இடையிலே திரும்பலாம். கோது வெளியேறாது வாயிலிற் சிக்கும். அன்றி, கோது வெளியேறினும் அடுத்த தோட்டாவை வழுக்கி பற்றாது விட்டுவிடும். 12 முதல் 14 இறாத்தல் வரையிலான வில்லை இடும் வழக்கம் இதனால் ஏற்பட்டது. 12 இறாத்தல் வில் ஏற்பது 2 யூல், மீதப்படும் 0.6 யூல் சிறிதாயினும், வறியவனுக்குச் சிறுகாசும் பொருளாவதுபோல, மெல்லிய தோட்டாவுக்கு அது பெரிதே.

இரு எல்லைகள்

இக்கணக்கிலிருந்து ஒருண்மை தெளிவாகின்றது. வில்லைத் தெரிதல் ஓர் எண்ணைக் கண்டுபிடித்தலன்று. இரண்டு எல்லைகளுக்கிடையே ஓரிடத்தைத் தேர்தலே ஆகும்.

மேலெல்லையை வகுப்பது பின்செலவு. பயன்படுத்தும் தோட்டாக்களுள் உந்தங் குறைந்தது எதுவோ, அது தளர்ந்த பிடியிலும் வழுக்கியை முழுத்தூரம் கொண்டுசெல்ல இடந்தரும் அளவுக்கு மேல் வில் வலிதாதல் கூடாது. மிக வலிய வில்லுக்கு இன்னுமொரு குறையும் உண்டு. வழுக்கி விரைந்து திரும்பும்பொழுது, தோட்டாக்கூட்டின் அடியிலுள்ள சிறுவில் அடுத்த தோட்டாவை உரிய இடத்துக்கு உயர்த்த நேரம் போதாது போகலாம். மூடும் வேகத்தால் துப்பாக்கியின் முனை கீழே சாய்ந்து அடுத்த குறியுங் கலையும்.

கீழெல்லையை வகுப்பது மீட்சி. தோட்டாவை உரசியெடுத்தல், சரிவில் ஏற்றிக் குழலினுட் செலுத்தல், கோதின் விளிம்பைக் கொளுக்கி பற்றச் செய்தல், குழலை உயர்த்திப் பூட்டல் ஆகிய வேலைகள் யாவும் வில்லின் செலவில் நடப்பன. அழுக்குப் படிந்து உராய்வு கூடிய நாளிலும் இவற்றை முடிக்க வேண்டிய சக்தியைத் தரமுடியாத வில், எத்தோட்டாவுக்கும் உதவாது. இவ்வெல்லை குண்டின் உந்தத்தைச் சிறிதும் பொருட்படுத்துவதில்லை என்பது கருதற்பாலது. மெல்லிய தோட்டாவுக்கென வில்லைக் குறைத்துக்கொண்டே போதல் முடியாதது இதனாலேதான். இரண்டு எல்லைகளும் ஒன்றையொன்று நெருங்கி இடைவெளி அற்றுப்போமாயின், வில்லினால் ஆவது ஒன்றுமில்லை. வழுக்கியின் திணிவைக் குறைத்தல் வேண்டும், அல்லது தோட்டாவை மாற்றுதல் வேண்டும்.

தெரிவுசெய்யும் முறை

அறிந்தோர் கைக்கொள்ளும் முறையும் இத்தத்துவத்துக்கு அமைந்ததே. ஆக்கியோன் இட்ட வில்லையே தொடக்கமாகக் கொள்வர். தோட்டாப்பெட்டியில் எழுதிய நிறையை மட்டும் நம்பாது, வேகமானியைக் கொண்டு குண்டின் வேகத்தை அளந்து உந்தத்தைக் கணிப்பர். வழக்கமான தோட்டாவின் உந்தத்தோடு அது நெருங்கியிருக்குமாயின், குண்டின் நிறை எதுவாயினும் வில்லை மாற்றார். வேறுபாடு பெரிதாயின், ஒன்றிரண்டு இறாத்தல் வீதம் படிப்படியாக மாற்றிச் சோதிப்பர். தோட்டாக்கூட்டில் ஒரே தோட்டாவை இட்டு, பிடியைச் சற்றுத் தளர்த்திச் சுடுதல் ஒரு நல்ல சோதனை. கூடு வெறுமையானதும் வழுக்கி பின்னிலையிற் பூட்டுண்டு நின்றால், பின்செலவுக்குப் போதிய சக்தி உண்டு என்பது பெறப்படும். பின்னர் நிறைந்த கூட்டோடு சுட்டு, ஒவ்வொரு முறையும் வழுக்கி முழுதாக மூடுகின்றதா எனப் பார்ப்பர். நிறைந்த கூட்டின் மேல்தோட்டாவே உரசியெடுத்தற்கு மிகக் கடினமானது.

வெற்றுக்கோது விழும் தூரத்தைக் கொண்டு வில்லை மதிப்பிடுவோரும் உளர். கோது வெகுதூரம் பறந்தால் வில் மெலிந்தது என்றும், காலடியில் விழுந்தால் வலியது என்றுங் கொள்வர். குறிப்பாக இது பயன்படும். ஆயினும் கோதைப் பற்றும் கொளுக்கியின் இறுக்கமும், அதனைத் தட்டியெறியும் முனையின் வடிவமும் அத்தூரத்தை மாற்றுவனவாதலால், இதனையே முடிவான சான்றாகக் கொள்ளல் தகாது.

வில் முதுமையடையும் என்பதையும் மறத்தலாகாது. பலமுறை நெருக்குண்ட எஃகு தன் இயல்நீளத்திற் சிறிது குறையும். 16 இறாத்தல் வில் என வாங்கியது நாளடைவில் அவ்விசையைத் தாராது. புதிய வில்லொன்றை அருகே வைத்து நீளத்தை ஒப்பிட்டால் தேய்வு புலனாகும். தோட்டாவை மாற்றியதால் வந்தது என எண்ணிய குறை பலவேளைகளில் வில் முதுமையுற்றதால் வந்ததே. சில ஆயிரம் தோட்டாக்களுக்கு ஒருமுறை வில்லைப் புதுப்பிப்பது இக்காரணத்தாலாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். வெடிப்பின் கணத்திற் பின்வாயைக் காப்பன எஃகின் திணிவும், பூட்டின் உறுதியும், கோதின் பித்தளையுமே, வில்லன்று. வழுக்கியின் வேகத்தைத் தீர்மானிப்பது குண்டின் நிறையன்று, உந்தம். வில்லின் தலையாய தொழில் அடக்குதலன்று, மீட்டல். ஆகவே, அளவுக்கு மேற்பட்ட அமுக்கமுள்ள தோட்டாவைப் பழைய கருவியில் இட்டு, பலமான வில்லை மாட்டிவிட்டோம் என்று மனந்தேறுபவன், வில்லால் ஆகாத காவலை வில்லிடம் எதிர்பார்க்கின்றான். அவன் கணக்கிற் செய்த பிழைக்கு விலை புள்ளிகளன்று; கையும் கண்ணும். கருவியை ஆக்கியோன் வகுத்த அமுக்க எல்லையை எந்த வில்லும் உயர்த்துவதில்லை.

துப்பாக்கியை ஒருபோதும் தொடாதவருக்கும் இதிற் கொள்ளத்தக்கது உண்டு. மோட்டார் வண்டியின் வில்லும், கதவை மெல்ல மூடும் வில்லும், எடையிடும் தராசின் வில்லும் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பனவே. அதிர்ச்சியை உண்மையில் அழிக்க வேண்டுமாயின், மோட்டார் வண்டியில் வில்லோடு எண்ணெய்த் தணிப்பானையுஞ் சேர்த்து வைத்திருப்பதுபோல, சக்தியை வெப்பமாக்கும் உறுப்பு வேறொன்று வேண்டும். ஒரு கருவியின் உறுப்பைக் காணும்பொழுது, அது எவ்வளவு வலியது என்று கேட்பதற்கு முன், அது செய்யும் வேலை யாது என்று கேட்டல் வேண்டும். அக்கேள்வியைக் கேளாது வலிமையை மட்டும் கூட்டிக்கொண்டு போவோர், குறையை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் வைத்தவராவரேயன்றி, அதனைத் தீர்த்தவராகார்.